சொஃபிஸ்டிகேட்டட் என்ற கலப்படச் சொல்

1

இங்கிலாந்துக்கு வந்து இருபத்தொரு வருடம் நிறைந்த அதே வாரத்தில், நான் மணக்கக் கூடாது என்று என் மகள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். தொலைபேசியில் நிர்மலா.

"அப்பா, வாற சனிக்கிழமை டானியல்ட அம்மாவும் அப்பாவும் உங்க ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடுறாங்க. நீங்க அங்க மணக்கக் கூடாது."

"நான் ரெண்டு நேரமும் குளிக்கிற ஆள் மகள்."

"அதில்ல அப்பா. சாப்பாட்ட மணக்கக் கூடாது. மூக்கால."

முகர்ந்து பார்க்கக் கூடாது என்கிறாள். ஏழு வயதில் இங்கே வந்த பிள்ளை. ஆளுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. தமிழுக்கு இன்னும் ஏழுதான். வேறொரு நகரத்தில் வேலை செய்கிறாள். மாதத்தில் ஒரு தடவை வருவாள், காரை நிறுத்தாமலே சாமானைத் தந்துவிட்டு வாசலோடு போய்விடுவாள். டானியல் அவளோடு வேலை செய்கிற வெள்ளைக்காரப் பையன். மூன்று வருடப் பழக்கம். கலியாணம் முடிப்பதென்று இருவரும் தீர்மானித்துவிட்டார்கள். பெற்றோர் சந்திப்பது மட்டும்தான் பாக்கி.

மணப்பதோடு பட்டியல் முடியவில்லை. பால் கோப்பையைச் சரித்து ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது. போத்தலைத் திருப்பி லேபல் வாசிக்கக் கூடாது. எண்ணெயை விரல்களுக்கிடையில் தேய்க்கக் கூடாது. "ப்ளீஸ் அப்பா. அவங்க சரியான சொஃபிஸ்டிகேட்டட் ஆக்கள்."

போனை வைத்ததும் மனைவி மனோகரி குசினியிலிருந்து கேட்டாள்.

"என்னவாம் புள்ள?"

"டானியல்ட ஆக்கள் சொஃபிஸ்டிகேட்டடாம்."

"சோபாவா? சோபா எல்லார் வீட்டிலயும்தானே இரிக்கி?"

2

மகள் ஏன் அப்படிப் பயந்தாள் என்பது விளங்க, நான் யார் என்று சொல்ல வேண்டும்.

ஆரையம்பதியில் பிறந்தவன். பதினான்கு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வாவியின் இரு கரையிலும் மோட்டார் சைக்கிளில் திரிந்தவன். சனங்களுக்கு நான் பி.எச்.ஐ. ஐயா. செங்கல் தூள் சேர்ந்த மிளகாய்த்தூள், சீனிப்பாகு சேர்ந்த தேன், பழைய எண்ணெய் சேர்ந்த புதிய எண்ணெய் எல்லாம் என் நாக்கைக் கடந்துதான் நீதிமன்றத்துக்குப் போயின. நான் சந்தைக்குள் நுழைந்தால் ஒரு பக்கம் சாக்குகள் மூடப்படும், மறுபக்கம் "ஐயா, ஒரு இளநி குடிச்சிட்டுப் போங்க" என்று கதிரை வரும். இளநீரை நான் குடித்ததில்லை. மகளுக்கு நிர்மலா என்று பெயர் வைத்தபோது, கலப்படமில்லாதவள் என்று பொருள்வரத் தேடித்தான் வைத்தேன்.

இங்கே வந்து அதே வேலைக்கு விண்ணப்பித்தேன். நமது சான்றிதழ் செல்லாது என்பதற்கே ஆறு படிவம் நிரப்பினேன். கடைசியில் ஒரு நகரசபையில், வாகனம் ஓட்டிப்போய்க் கடைகளைப் பார்க்கும் உதவியாளர் வேலைக்கு நேர்முகம் கிடைத்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். தகுதியைக் கேட்டார்கள். களுத்துறையில் பாஸ் அவுட் ஆனேன் என்றேன். ஊரில் அதற்குப் பயிற்சி முடித்து வெளியேறுவது என்று அர்த்தம். இங்கே மயங்கி விழுவது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தார். "எத்தனை தடவை?"

"ஒரே தடவை," என்றேன் பெருமையோடு. சிலர் பரீட்சையை மூன்று தடவை எழுதியவர்கள்.

"டாக்டர் பார்த்தாரா?"

"பெரிய டாக்டரே மேடைக்கு வந்து கைகுலுக்கினார்."

"அந்த இடத்தில் வேறு யாருக்கும் அப்படி நடந்ததா?"

"அன்றைக்கு மட்டும் நாற்பது பேர் பாஸ் அவுட் ஆனோம். எல்லாருடைய அம்மா அப்பாவும் வந்து படம் எடுத்தார்கள்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் தந்தார்கள். வீட்டுக்குத் தனியாகப் போவீர்களா என்று கேட்டார்கள். இந்நாட்டவர் எவ்வளவு அன்பானவர்கள் என்று மனோவிடம் சொன்னேன். வாகனம் ஓட்டும் பணிக்கு நான் உகந்தவனல்ல என்று இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது.

அதன்பிறகு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சேர்ந்தேன். இன்றுவரை அங்கேதான். காலாவதித் திகதி பார்த்து, விலை குறைத்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவது என் பணி. அறுபத்திரண்டு வயதாகிறது. வேலை ஒரு வகையில் பழைய வேலைதான். வழக்குப் போடத்தான் முடியாது.

3

சொஃபிஸ்டிகேட்டட் என்றால் நாகரிகமானவர், பெரிய இடத்துப் பழக்கவழக்கம் தெரிந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பொருளின் பெயரைக் கேட்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம். செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வுநாள். நூலகத்துக்குப் போனேன்.

அங்கே யாரும் தொடாத ஓர் அலுமாரியில் தலையணைப் பருமனில் பல தொகுதிகளாக ஓர் அகராதி இருக்கிறது. பூதக்கண்ணாடி கேட்டேன். நூலகப் பெண், "எல்லாம் போனிலேயே இருக்கிறதே," என்றார். போன் அர்த்தத்தைச் சொல்லும், அந்த அர்த்தம் எங்கெங்கே திரிந்துவிட்டு வந்தது என்று சொல்லாது என்றேன். கண்ணாடி கிடைத்தது.

அந்தச் சொல் கிரேக்கத்தில், அறிவு, அறிஞன் என்ற நல்ல இடத்தில்தான் பிறந்திருக்கிறது. பிறகு, கூலி வாங்கிக்கொண்டு வாதம் கற்பித்து, கறுப்பை வெள்ளை என்று நிறுவிக் காட்டிய ஆசிரியர்களின் பெயராகியிருக்கிறது. அங்கேயிருந்து கீழே இறங்கி, உள்ளதைக் குழப்புவது என்றாகி, கடைசியில் நேரடியாகவே கலப்படம் செய்வது என்று வந்து நின்றுவிட்டது. மிளகில், வைனில், மருந்தில் எதையாவது சேர்த்து விற்றால் ஆங்கிலேயர் நெடுங்காலமாக அதை இந்தச் சொல்லால்தான் திட்டியிருக்கிறார்கள். பிறகு அது மனிதருக்கு ஏறியது. இயல்பு கெட்டவன், வெகுளித்தனம் போனவன் என்று பொருள். அதுவும் வசைதான். வெகுளியாக இருப்பது வெட்கம் என்று உலகம் முடிவெடுத்த ஏதோவொரு காலத்தில் அந்த வசை பாராட்டாகிவிட்டது.

நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். ஆரையம்பதிச் சந்தையில் நான் பிடித்ததெல்லாம் சொஃபிஸ்டிகேட்டட் மிளகாய்த்தூள்! பதினான்கு வருடம் நான் சொஃபிஸ்டிகேஷனை ஒழிக்கப் பாடுபட்டிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து மனோவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். நம்முடைய நாகரிகம் என்ற சொல்லும் நகரத்திலிருந்து வந்ததுதான், பண்பாடு மட்டும் வயலுக்குள் இறங்கியது, மண்ணைப் பண்படுத்துகிறோமே, அதே சொல்தான் என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். மனோ பழுகாமத்துக்காரி. அவளுடைய தகப்பன் வயல் வட்டையில் இரண்டு போகமும் சேற்றில் நின்ற மனிதர்.

"அப்ப என்ட ஐயா வட்டைக்குள்ள சேறும் தண்ணியுமா நிண்டதுதான் பண்பாடா?"

"ஓம்."

"அப்பிடியெண்டா எங்கட குடும்பம் சரியான பண்பாடு. உங்கட ஆக்களப் பத்தி எனக்குத் தெரியா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்க, இதெல்லாம் அங்க போய்ச் சொல்லிப்போடாதீங்க. புள்ளட வாழ்க்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

4

சனிக்கிழமை நானும் மனோவும் ரயிலில் போனோம். நிர்மலாவும் டானியலும் நிலையத்துக்குக் காரோடு வந்தார்கள். நிர்மலா என் கழுத்துப்பட்டியை இரண்டு தடவை சரிசெய்தாள். மனோவின் மடியில் ஒரு டப்பா நிறைய டின்மீன் கட்லட்.

கல்லால் கட்டிய பழைய வீடு. டானியலின் தாய் மார்கரெட் உயரமானவர், மெல்லப் பேசுபவர். தகப்பன் ஹியூ, வெள்ளைத் தாடி. வெள்ளைத் துணி விரித்த மேசை. ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கோப்பை. எந்தக் கரண்டி எதற்கு என்று தெரியாமல், மார்கரெட் எடுப்பதைப் பார்த்து நான் எடுத்தேன். அவர் என்னைப் பார்த்து எடுப்பதுபோல எனக்கொரு சந்தேகம். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் எடுக்காமல் இருந்தோம்.

பிறகு மார்கரெட் கேட்டார்: "கிழக்கு மாகாணம் முழுவதற்குமான உணவு ஆய்வுகூடத்துக்கு நீங்கள்தான் தலைவராக இருந்தீர்களாம். நிர்மலா சொன்னாள். எவ்வளவு பெரிய பொறுப்பு!"

நான் நிர்மலாவைப் பார்த்தேன். அவள் சலாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடல் சிவந்திருந்தது.

என்னிடம் ஆய்வுகூடம் இருந்ததில்லை. ஒரு பால்மானி, கொஞ்சப் போத்தல், அரக்கு முத்திரை, ஒரு நாக்கு. அவ்வளவுதான். என் பிள்ளை என்னை அப்படியே கொடுக்க விரும்பாமல் எதையோ சேர்த்துக் கொடுத்திருக்கிறாள் என்பது விளங்கியது.

"சின்ன ஆய்வுகூடம்தான்," என்றேன்.

மனோவுக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினான்கு வருடம் ஒரு பொய் அறிக்கையில்கூடக் கையெழுத்து வைக்காதவனுடைய மனைவி அவள்.

சோதனை அதோடு முடியவில்லை. ஹியூ ஒரு போத்தலிலிருந்து ஒலிவ் எண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி என் முன்னே நகர்த்தினார். ஒரு பண்ணையிலிருந்து நேரடியாக வருகிறதாம், இரண்டு வருடமாக அதைத்தான் பாவிக்கிறார்களாம். "நீங்கள் நிபுணர். எப்படி என்று சொல்லுங்கள்."

பாண் துண்டொன்றில் தொட்டு வாயில் வைத்தேன். அரைவாசிக்கு மேல் சூரியகாந்தி எண்ணெய். நிர்மலாவின் கண் என்மேல் இருந்தது.

"மிக நல்லது," என்றேன்.

ஒரே இருக்கையில் இரண்டு பொய்ச் சான்றிதழ்.

அப்போதுதான் மார்கரெட் மனோவின் கட்லட் ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். திறந்து, மனோவின் கையைத் தொட்டுச் சொன்னார்: "இந்தச் சுவை எவ்வளவு சொஃபிஸ்டிகேட்டட்!"

நான் சிரித்துவிட்டேன். அடக்கினேன், அடங்கவில்லை. தண்ணீர் குடித்தேன், அது மூக்கால் வந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, காரணம் சொல்லாமல் விட முடியாத நிலை. சொன்னேன். நூலகம், கிரேக்கம், கூலிக்கு வாதம், மிளகு, வைன், எல்லாவற்றையும் சொன்னேன். முடித்தபோது டானியல் தன் மூன்று கோப்பைகளிலும் எது தண்ணீர் என்று தேடிக்கொண்டிருந்தான்.

"ஆகவே," என்றார் மார்கரெட் மெல்ல, "இந்தக் கட்லட்டில் கலப்படம் என்று நான் சொல்லியிருக்கிறேன்."

மனோவுக்கு அந்த ஒரு வசனம் மட்டும் முழுதாக விளங்கிவிட்டது.

"என்ன சொல்றா அவ? என்ட கட்லட்டில கலப்படமாமா? டின்மீனும் கிழங்கும் வெங்காயமும் தவிர வேற என்னத்தப் போட்டன் நான்? புள்ள, கேட்டுச் சொல்லு!"

நிர்மலா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று எண்ணினேன்.

ஹியூ முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். தாடி முழுவதும் ஆடியது. "என் தொழிலில் இன்றைக்கும் அதுதான் அர்த்தம்," என்றார்.

அவர் பழைய புத்தகங்கள் வாங்கி விற்பவராம். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். தோல் அட்டை போட்ட ஒரு பயண நூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் எட்டுத் தாள் மட்டும் நிறம் கொஞ்சம் வேறு, ஓரம் கொஞ்சம் குட்டை. காணாமல்போன தாள்களுக்குப் பதிலாக அதே நூலின் இன்னொரு பிரதியிலிருந்து கழற்றி ஒட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிரதியைத்தான் அவர்கள் சொஃபிஸ்டிகேட்டட் என்பார்களாம்.

நான் தாளைத் தடவினேன். என்னை அறியாமல் மணந்தும் பார்த்தேன். "பசை புதிது," என்றேன்.

"அதேதான்! எனக்கு அது பிடிபட ஒரு வருடமாயிற்று." ஹியூ புத்தகத்தை மூடினார். "இப்படி ஒன்றை விற்பது குற்றமில்லை. பட்டியலில் எழுதிவிட்டு விற்கவேண்டும். சொல்லாமல் விற்றால்தான் பிழை."

எனக்கு உள்ளே சுட்டது. "ஹியூ, அப்படியானால் நான் உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்," என்று தொடங்கினேன்.

"நான் சொல்லுறன்," என்றது தமிழில் ஒரு குரல். வாசலில் நிர்மலா. பின்னால் மற்ற மூவரும் நின்றார்கள்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பாவுக்கு ஆய்வுகூடம் இருந்ததில்லை. மோட்டார் சைக்கிளும் ஒரு மரப்பெட்டியும்தான் இருந்தன. இப்போது கடையில் திகதி பார்க்கிறார். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டபோது அதைச் சொன்னேன், "ஓ" என்றார்கள். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் சேர்த்தேன். பிறகு எடுக்க முடியவில்லை.

மார்கரெட் நீண்ட மூச்சொன்று விட்டார். நான் பயந்த மூச்சு அல்ல அது. "நல்லகாலம்," என்றார். "விஞ்ஞானி வருகிறார் என்று டானியல் சொன்னதிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. நாங்கள் சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிற ஆட்கள். அந்த மேசைத்துணி பக்கத்து வீட்டுக்காரியுடையது."

பிறகு நிர்மலாவிடம் கேட்டார்: "மோட்டார் சைக்கிளில் உன் அப்பா என்னதான் செய்தார்?"

நிர்மலா யோசித்தாள். பிறகு நான் சற்றும் எதிர்பாராத ஒரு கதையைத் தொடங்கினாள்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. பள்ளிக்குக் கூட்டிப்போகும் வழியில் தோணித்துறையில் நிறுத்தினேன். வாவியின் மறுகரையான படுவான்கரையிலிருந்து ஒரு பால்காரர் தோணியில் வந்து இறங்கினார். பாலை நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. அகப்பையால் கலக்கினேன். பாலுக்குள்ளிருந்து ஓர் இறால் துள்ளியது.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"மாடு வாவிக்குள்ள இறங்கி நிண்டது ஐயா."

"அதுக்கு?"

"நான் என்னத்தக் கண்டன்? நீங்க மாட்டத்தான் கேக்கோணும்."

இதையெல்லாம் அவள் ஆங்கிலத்தில் நடித்துக் காட்டினாள், பால்காரரின் கைவீச்சு உட்பட. அத்தோடு நிற்கவில்லை. இறாலைப் போத்தலில் போட்டு முத்திரை வைக்க நான் போனேனாம். தான் அழுதாளாம். "பாவம் அப்பா, வீட்ட விடுங்க" என்றாளாம். நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டேனாம்.

விட்டது உண்மை. நீதவான் "இறால் எங்கே?" என்று கேட்டபோது நான் தலை குனிந்து நின்றதும் உண்மை. ஆனால் அதை அவள் மறந்து எத்தனையோ வருடமிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரே ஒரு திருத்தம். இரண்டு இறால் என்று சொன்னாள், இருந்தது ஒன்று. சொல்ல வாயெடுத்தேன். மனோ என் காலை மிதித்தாள்.

அதன்பிறகு அந்த வீடு தலைகீழாயிற்று. எண்ணெயைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். நாக்கை மட்டும் நம்பி வழக்குப் போட முடியாது, ஆனாலும் என் எண்ணம் இதுதான் என்றேன். ஹியூ போத்தலைக் குப்பைவாளியில் போட்டார். "இரண்டு வருடமாக எனக்கு ருசி தெரியவில்லை என்றல்லவா நினைத்தேன்," என்றார். மார்கரெட் அலுமாரியைத் திறந்து உள்ளதையெல்லாம் மேசையில் கொண்டுவந்து வைத்தார். மிளகைத் தண்ணீரில் போட்டேன், தாழ்ந்தது, பப்பாசி விதை இல்லை. குங்குமப்பூவைப் போட்டேன், ஒரு நொடியில் சாயம் பிரிந்தது. "பூ இல்லை, ஏதோ நார்," என்றேன். மனோ அரைவாசி விளங்கியும் விளங்காமலும், "இதையும் பாருங்க, அதையும் பாருங்க" என்று டப்பாக்களை நீட்டினாள். நிர்மலா கோப்பைகளைக் கழுவித் தந்தாள். மணக்கக் கூடாது என்றவள், "அப்பா, இத மணங்க" என்று வினிகரை என் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

கடைசியாக மார்கரெட் ஒரு கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் என் முன் வைத்தார். தோடம்பழத் தோலில் அவரே காய்ச்சிய மார்மலேட் என்ற ஜாம்.

ஒரு கரண்டி வாயில் வைத்தேன். வேப்பங்கசாயம். அடிப்பிடித்த மணம். தோல் வேகவே இல்லை. நான் முகத்தை அசைக்கவில்லை. ஆறு பேர் இருக்கிற அறையில் மார்கரெட்டின் கண் மட்டும் சின்னப்பிள்ளையின் கண்ணாயிருந்தது. மூன்றாவது பொய்ச் சான்றிதழ் எழுதவும் என்னால் முடியாது.

விழுங்கினேன்.

"இதில் எந்தக் கலப்படமும் இல்லை," என்றேன்.

மார்கரெட் கைதட்டினார். ஹியூ அவர் தோளை அணைத்தார். நிர்மலா மட்டும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. அந்த அறையில் என் முகத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மற்றவள் மனோ, அவள் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

5

கலியாணம் வருகிற கோடையில். படிவங்கள் வரத் தொடங்கிவிட்டன. மணமகளின் தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில் நிர்மலா தன் கையால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஓய்வு என்று எழுதியிருக்கிறாள்.

மார்கரெட்டிடமிருந்து மாதம் ஒரு மார்மலேட் போத்தல் வருகிறது. நிபுணருக்கென்று தனியாகக் காய்ச்சுகிறாராம். நிர்மலாதான் கொண்டுவருகிறாள். காரை ஒழுங்காக நிறுத்திவிட்டு உள்ளே வந்து, போத்தலை மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, கரண்டியையும் எடுத்துத் தருகிறாள். நான் முழுவதையும் விழுங்கி முடிக்கும்வரை முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மெல்ல மெல்லத்தான் விழுங்குகிறேன்.